மடிக்கணினித் திரையில் வேண்டாமல் தோன்றும் விசைப்பலகை அறிவிப்புகள்: காரணங்களும் நீக்கும் வழிகளும்

மடிக்கணினியில் கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது 'கேப்ஸ் லாக் ஆன்' என்ற பெரிய கட்டம் திரையின் நடுவே தோன்றி மறைகிறது. கணினியைத் தொடங்கியவுடன் யாரும் அழைக்காமலேயே ஒரு முழு விசைப்பலகை திரையின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எழுதும் இடத்தின் அருகே மொழியின் பெயரைக் காட்டும் சிறிய பட்டை விலக மறுக்கிறது. பெரும்பாலான பயனர்கள் இவற்றைக் கணினிப் பழுது என்றோ, வைரஸ் தாக்குதல் என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை பழுதல்ல. ஏதோ ஒரு அமைப்பு தெரியாமல் இயங்கத் தொடங்கியதன் விளைவே இது. காரணம் தெரிந்தால் சில நிமிடங்களில், செலவின்றிச் சரிசெய்துவிடலாம். காரணம் தெரியாமல் இணையத்தில் தீர்வு தேடுவதும், முன்பின் தெரியாதவரிடம் கணினியின் கட்டுப்பாட்டை ஒப்படைப்பதும்தான் பணத்தையும் தரவுகளையும் இழக்கும் நிலைக்கு இட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு அறிவிப்பையும் எப்படி அடையாளம் காண்பது, எப்படி நிறுத்துவது, எதை நிறுத்தாமல் விடுவது நல்லது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

முதல் படி: தோன்றுவது எது?

ஒரே மாதிரித் தோன்றினாலும் இந்த அறிவிப்புகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. எனவே அமைப்புகளை மாற்றத் தொடங்கும் முன், திரையில் தோன்றுவது கீழ்க்கண்டவற்றுள் எது என்பதைக் கவனிக்க வேண்டும்.

• ஒரு விசையை அழுத்தியவுடன் தோன்றி, ஓரிரு நொடிகளில் தானாக மறையும் கட்டம்: கேப்ஸ் லாக், நம் லாக், எஃப்.என். லாக் ஆகியவற்றின் நிலையைக் காட்டும் அறிவிப்பு.

• தனிச் சாளரமாகத் திறந்து, சுட்டியால் அழுத்தக்கூடிய முழு விசைப்பலகை: 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு'.

• எழுதும் கட்டத்தைத் தொட்டவுடன் திரையின் அடியிலிருந்து மேலெழும், கைப்பேசியில் உள்ளதைப் போன்ற விசைப்பலகை: 'டச் கீபோர்டு'.

• 'ஸ்டிக்கி கீஸை இயக்க விரும்புகிறீர்களா?' என்று கேட்கும் கேள்விப் பெட்டி: அணுகல் வசதிக்கான குறுக்குவழி.

• 'இங்கிலீஷ் இந்தியா', 'தமிழ்' என்று காட்டும் பட்டை: மொழிக் குறியீடு.

• எழுத்து துடிக்கும் இடத்தில் மேலும் கீழும் தெரியும் வண்ணப் புள்ளிகள்: 'டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்'.

• எழுதும் கட்டத்தைச் சொடுக்கும்போதெல்லாம் தோன்றும் ஒலிவாங்கிப் படம்: குரல்வழித் தட்டச்சு.

விளக்கு மறைந்தது, அறிவிப்பு வந்தது

1981-இல் வெளியான முதல் ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் நிலையைக் காட்ட விளக்கு ஏதும் இல்லை. 1984-இல் வந்த 'பிசி ஏடி' கணினியின் விசைப்பலகையில்தான் அந்த விளக்குகள் இடம்பெற்றன. அதன்பின் பல ஆண்டுகள், மூன்று சிறிய பச்சை விளக்குகள் விசைப்பலகையின் அடையாளமாகவே விளங்கின.

மடிக்கணினிகள் மெலியத் தொடங்கியபோது பல மாதிரிகளில் அந்த விளக்குகள் கைவிடப்பட்டன. விசையின் நிலையைப் பயனருக்கு வேறு வழியில் தெரிவிக்க வேண்டியிருந்ததால், தயாரிப்பு நிறுவனங்கள் அந்த வேலையைத் திரைக்கு மாற்றின. இன்று நாம் தொல்லையாகக் கருதும் அறிவிப்பு அன்று விளக்கு செய்த வேலையைத்தான் செய்கிறது. இதை நினைவில் கொண்டால், அதை அடியோடு நீக்கும் முன் நம் மடிக்கணினியில் கேப்ஸ் லாக் விளக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஏன் அவசியம் என்பது விளங்கும்.

கேப்ஸ் லாக், நம் லாக் அறிவிப்பு

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கடவுச்சொல் கட்டத்தில் 'கேப்ஸ் லாக் இயங்குகிறது' என்று எச்சரிப்பதைத் தவிர, திரையின் நடுவிலோ மூலையிலோ கேப்ஸ் லாக் படத்தை விண்டோஸ் தானாகக் காட்டுவதில்லை. அந்தக் கட்டம் பெரும்பாலும் மடிக்கணினித் தயாரிப்பாளரின் மென்பொருளிலிருந்தோ, தனியாக வாங்கிய விசைப்பலகையின் மென்பொருளிலிருந்தோ வருகிறது. ஆகவே விண்டோஸ் 'செட்டிங்ஸ்' பகுதியில் எவ்வளவு தேடினாலும் அதை நிறுத்தும் பொத்தான் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் சிறப்பு விசைகளைக் கையாளத் தனி மென்பொருளை வைத்திருக்கிறது. லெனோவோ கணினிகளில் 'லெனோவோ வேண்டேஜ்', 'லெனோவோ ஹாட்கீஸ்' ஆகியவையும், ஆசஸ் கணினிகளில் 'மைஆசஸ்' செயலியும் உள்ளன. லாஜிடெக் விசைப்பலகையை இணைத்திருந்தால் 'லாஜி ஆப்ஷன்ஸ் பிளஸ்' மென்பொருளைப் பார்க்க வேண்டும். பின்வரும் வரிசையில் முயல்வது பாதுகாப்பானது.

1. தனி விசைப்பலகை இணைக்கப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியின் சொந்த விசையை அழுத்திப் பார்க்கவும். அறிவிப்பு வரவில்லையெனில் காரணம் வெளி விசைப்பலகையின் மென்பொருளே.

2. உரிய மென்பொருளைத் திறந்து, 'நோட்டிஃபிகேஷன்' அல்லது 'ஆன்-ஸ்கிரீன் டிஸ்பிளே' என்ற பெயரில் விருப்பம் உள்ளதா எனப் பார்த்து, இருந்தால் அணைக்கவும்.

3. அத்தகைய விருப்பம் இல்லையெனில், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' திறக்கவும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் தயாரிப்பாளரின் 'ஹாட்கீ' அல்லது 'யுடிலிட்டி' என்ற பெயருள்ள செயலியை முடக்கி, கணினியை மறுதொடக்கம் செய்யவும்.

4. அதன்பிறகும் தொடர்ந்தால், தேடல் கட்டத்தில் 'சர்வீசஸ்' எனத் தட்டச்சு செய்து அந்தப் பட்டியலைத் திறக்கவும். லெனோவோ கணினிகளில் 'லெனோவோ எஃப்.என். அண்ட் ஃபங்ஷன் கீஸ் சர்வீஸ்' என்ற பெயரில் ஒரு சேவை இயங்குவதைக் காணலாம். அதை முதலில் 'ஸ்டாப்' மட்டும் செய்து சோதிக்கவும்.

நான்காவது படியில் மிகுந்த கவனம் தேவை. இதே சேவைகள்தாம் திரை வெளிச்சம், ஒலிவாங்கி முடக்கம் போன்ற சிறப்பு விசைகளையும் இயக்குகின்றன. கேப்ஸ் லாக் அறிவிப்பை நிறுத்தப்போய், அந்த விசைகளும் செயலிழக்கக்கூடும். நிறுத்திய பின் எல்லாச் சிறப்பு விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, அவை சரியாக இயங்கினால் மட்டுமே சேவையை நிரந்தரமாக 'டிசேபிள்' செய்யலாம். மாற்றும் முன் பழைய நிலையைத் தாளில் குறித்துவைப்பது நல்லது. தயாரிப்பாளரின் புதுப்பிப்பு வரும்போது அந்தச் சேவை மீண்டும் உயிர்பெறவும் வாய்ப்புண்டு.

கேப்ஸ் லாக் விசையையே பயன்படுத்தாதவர்களுக்கு வேறொரு வழியும் உள்ளது. மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் உள்ள 'கீபோர்டு மேனேஜர்' மூலம் அந்த விசையை முடக்கலாம். அல்லது வேறு விசையாக மாற்றிக்கொள்ளலாம். விசை தவறுதலாக அழுத்தப்படுவதால்தான் தொல்லை என்றால் இதுவே நேரடியான தீர்வு.

விசைகள் நெருக்கமாக அமைந்த சில மடிக்கணினிகளில் எழுத்து விசைகளே எண் விசைகளாகவும் செயல்படும். அவற்றில் நம் லாக் இயங்கினால், சில எழுத்துகளை அழுத்தும்போது எண்கள் விழும். இந்நிலையில் நம் லாக் அறிவிப்பு உண்மையில் உதவியே செய்கிறது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன், நம் லாக் விசையையோ, எஃப்.என். விசையுடன் சேர்த்து அதையோ ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

தானாகத் திறக்கும் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு

விசைகளை அழுத்த இயலாதவர்கள் சுட்டியால் தட்டச்சு செய்வதற்காக விண்டோஸில் அமைக்கப்பட்ட வசதி இது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஆங்கில எழுத்தான 'ஓ' ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் இது திறக்கும். மீண்டும் அழுத்தினால் மூடிக்கொள்ளும். வேறு குறுக்குவழியை அழுத்தப்போய்த் தவறுதலாக இது திறந்துவிடுவது வழக்கம்.

ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் இது தோன்றினால், 'கண்ட்ரோல் பேனல்' திறந்து 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ் சென்டர்' பகுதிக்குச் செல்லவும். அங்கு 'சுட்டியோ விசைப்பலகையோ இன்றிக் கணினியைப் பயன்படுத்துக' என்று பொருள்படும் ஆங்கில இணைப்பைச் சொடுக்கினால், 'யூஸ் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு' என்ற கட்டம் தெரியும். அதிலுள்ள குறியை நீக்கி, 'ஓகே' அழுத்தினால் போதும்.

கடவுச்சொல் கேட்கும் திரையில் மட்டும் தோன்றுகிறது என்றால், அதற்கான அமைப்பு தனி. அதே 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ் சென்டர்' பக்கத்தின் இடப்புறத்தில் உள்ள 'சேஞ்ச் சைன்-இன் செட்டிங்ஸ்' இணைப்பில், நுழைவுத் திரையில் எவை தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். நுழைவுத் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள அணுகல் வசதிச் சின்னத்தைச் சொடுக்கியும் அந்த நேரத்திற்கு அணைத்துவிடலாம்.

டச் கீபோர்டு

தொடுதிரை கொண்ட மடிக்கணினிகளில் இது அதிகம் தொந்தரவு தருகிறது. விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டைப்பிங்', 'டச் கீபோர்டு' என்ற வரிசையில் சென்றால், அது எப்போது தோன்ற வேண்டும் என்பதற்கு மூன்று விருப்பங்கள் இருக்கும்: 'நெவர்', 'விசைப்பலகை இணைக்கப்படாதபோது மட்டும்', 'ஆல்வேஸ்'. 'நெவர்' என்பதைத் தேர்ந்தால் தானாக மேலெழுவது நின்றுவிடும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் தெரியும் விசைப்பலகைச் சின்னத்தை நீக்க, 'பெர்சனலைசேஷன்', 'டாஸ்க்பார்' ஆகியவற்றுக்குள் சென்று 'சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' பகுதியில் மாற்ற வேண்டும்.

விசைப்பலகையைக் கழற்றி மாட்டக்கூடிய மடிக்கணினிகளில் இணைப்பு முனை தளர்ந்தாலோ, அதில் தூசி படிந்தாலோ, விசைப்பலகை கழற்றப்பட்டதாகக் கணினி கருதிக்கொள்ளும். அப்போது அமைப்பில் பிழை இல்லாதபோதும் டச் கீபோர்டு மேலெழும். இணைப்பு முனையை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

இந்தச் சிக்கலுக்கு, எழுத்து உள்ளீட்டுக்கான விண்டோஸ் சேவையையே முடக்கும்படி சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. விண்டோஸ் 11-இல் அதைச் செய்தால் தேடல் கட்டம் உள்ளிட்ட இடங்களில் தட்டச்சு செய்ய முடியாமல் போகும் அபாயம் உள்ளது. அந்த வழியைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ், டாகிள் கீஸ்

ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து 5 முறை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் கேள்விப் பெட்டி தோன்றும். வலப்புற ஷிஃப்ட் விசையை 8 நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் இயங்கும். நம் லாக் விசையை 5 நொடிகள் அழுத்திப் பிடித்தால் டாகிள் கீஸ் இயங்கி, அதன்பின் கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் விசைகளை அழுத்தும்போதெல்லாம் ஒலி எழும். கணினி விளையாட்டுகளில் ஷிஃப்ட் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துவோர் முதல் பெட்டியை அடிக்கடி சந்திக்கிறார்கள்.

இம்மூன்றில் கூடுதல் குழப்பம் விளைவிப்பது ஃபில்டர் கீஸ். மிகக் குறுகிய நேரம் அழுத்தப்படும் விசைகளை அது பொருட்படுத்தாது. அதனால் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் விழாமல், விசைப்பலகை செத்துவிட்டதைப் போலத் தோன்றும். இதை அறியாமல் புதிய விசைப்பலகை மாற்றப் பணம் செலவிடும் நிலைகூட ஏற்படலாம். ஒரு விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழுகிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

நிறுத்தும் வழி எளிது. விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'அக்சஸிபிலிட்டி', 'கீபோர்டு' என்ற வரிசையில் சென்றால் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கு அவற்றை அணைப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றையும் திறந்து அதற்குரிய 'கீபோர்டு ஷார்ட்கட்' விருப்பத்தையும் அணைக்க வேண்டும். குறுக்குவழியை அணைக்காவிட்டால் அடுத்த முறை தவறுதலாக விசை அழுத்தப்படும்போது அவை மீண்டும் தோன்றும்.

மொழிக் குறியீடும் தாய்மொழித் தட்டச்சும்

இந்தியாவில் விற்கப்படும் கணினிகளில் 'இங்கிலீஷ் இந்தியா', 'இங்கிலீஷ் யுஎஸ்' ஆகிய இரண்டு ஆங்கில அமைப்புகளும் சேர்ந்தே இருப்பது வழக்கம். இவற்றோடு தமிழையோ, இந்தியையோ சேர்க்கும்போது பட்டியல் நீள்கிறது. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினாலோ, இடப்புற ஆல்ட் விசையுடன் ஷிஃப்ட் விசையை அழுத்தினாலோ மொழி மாறி, அதற்கான அறிவிப்பு திரையில் தோன்றும்.

தவறுதலாக மொழி மாறுவதைத் தடுக்க, 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டைப்பிங்', 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' ஆகியவற்றுக்குள் சென்று, 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' பகுதியில் ஆல்ட், ஷிஃப்ட் குறுக்குவழியை 'நாட் அசைன்டு' என மாற்றலாம். திரையில் மிதக்கும் மொழிப் பட்டையை நீக்க, அதே பக்கத்தில் 'டெஸ்க்டாப் லாங்குவேஜ் பார்' என்ற விருப்பத்திலுள்ள குறியை நீக்கவும். ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் மொழியும் மாறுகிறது என்றால், ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற விருப்பம் அங்கு இயக்கப்பட்டிருக்கும், அதை அணைத்துவிடலாம்.

தேவையற்ற ஆங்கில அமைப்பை நீக்க 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' பக்கத்தில் அந்த மொழியின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' வழியே விசைப்பலகையை அகற்றலாம். எதை அகற்றுவது என்பதில் சிந்தனை தேவை. 'இங்கிலீஷ் இந்தியா' அமைப்பில் வலப்புற ஆல்ட் விசையுடன் 4 என்ற எண்ணை அழுத்தினால் ₹ குறியீடு கிடைக்கும். அதை அகற்றினால் இந்த வசதியும் போய்விடும். கணக்கு, விலைப்பட்டியல் போன்ற பணிகளில் இருப்போர் 'இங்கிலீஷ் யுஎஸ்' அமைப்பை அகற்றி, இந்திய அமைப்பை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

தமிழ் 99, ஃபொனெட்டிக் போன்ற முறைகளில் தட்டச்சு செய்வோருக்கு மொழிக் குறியீடு இன்றியமையாதது. அதை முற்றிலும் மறைத்துவிட்டால், கடவுச்சொல்லை எந்த மொழியில் தட்டச்சு செய்கிறோம் என்பதே தெரியாமல் போகும். மிதக்கும் பட்டையை நீக்கிவிட்டு, டாஸ்க்பாரில் தெரியும் குறியீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஃபொனெட்டிக் முறையில் எழுத்துகளுக்கு அருகே தோன்றும் சொற்பட்டியல் அந்த முறையின் அங்கம். அதைத் தொல்லையாகக் கருதுவோர் தமிழ் 99 முறைக்கு மாறலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது தோன்றும் சொல் பரிந்துரைகளை மட்டும் 'டைப்பிங்' பக்கத்தில் அணைத்துக்கொள்ளலாம்.

வண்ணப் புள்ளிகளும் ஒலிவாங்கிப் படமும்

எழுத்து துடிக்கும் இடத்தில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், 'அக்சஸிபிலிட்டி', 'டெக்ஸ்ட் கர்சர்' ஆகியவற்றுக்குள் சென்று 'டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்' என்பதை அணைக்கவும். பார்வைக் குறைபாடு உள்ளோர் எழுதும் இடத்தை எளிதில் கண்டறிய இது உதவுகிறது.

ஒலிவாங்கிப் படம் தோன்றினால், விண்டோஸ் விசையுடன் ஆங்கில எழுத்தான 'எச்' அழுத்திக் குரல்வழித் தட்டச்சைத் திறக்கவும். அதிலுள்ள சக்கரச் சின்னத்தைச் சொடுக்கி, 'வாய்ஸ் டைப்பிங் லாஞ்சர்' என்பதை அணைத்தால் படம் தோன்றுவது நிற்கும்.

மேக் மடிக்கணினிகளில்

2023-இல் வெளியான மேக் ஓஎஸ் சோனோமா பதிப்பு முதல், கேப்ஸ் லாக் இயங்கும்போதும் மொழி மாறும்போதும் எழுதும் இடத்தின் கீழே ஒரு சிறு நீலச் சின்னம் தோன்றுகிறது. கேப்ஸ் லாக் பயன்படுத்தாதோர் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'கீபோர்டு', 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்', 'மாடிஃபையர் கீஸ்' என்ற வரிசையில் சென்று அந்த விசைக்கு 'நோ ஆக்ஷன்' எனத் தேர்ந்தால் விசையும் சின்னமும் ஒருங்கே அடங்கும். முழு விசைப்பலகை திரையில் தோன்றினால், 'அக்சஸிபிலிட்டி', 'கீபோர்டு' பகுதியில் 'அக்சஸிபிலிட்டி கீபோர்டு' இயக்கத்தில் உள்ளதா எனப் பார்க்கவும். ஆப்ஷன், கமாண்ட், எஃப்5 ஆகிய மூன்றையும் அழுத்தும் குறுக்குவழியால் திறக்கும் பெட்டியிலிருந்தும் அது தவறுதலாக இயங்கியிருக்கலாம்.

இணையப் பக்கத்தின் விசைப்பலகை

சில வங்கிகளின் இணையதளங்களில் கடவுச்சொல் கட்டத்தின் அருகே ஒரு விசைப்பலகை தெரியும். தட்டச்சைக் கண்காணிக்கும் தீய மென்பொருளிலிருந்து காக்க அந்த இணையதளமே வழங்கும் வசதி அது. கணினியின் அமைப்புகளில் அதை நீக்க முடியாது. அதேபோல, ஜேஇஇ மெயின், கேட் போன்ற கணினிவழித் தேர்வுகளில் எண்களை விடையாக அளிக்கும் வினாக்களுக்குத் திரையிலேயே எண் விசைகள் தோன்றும். அவற்றைச் சுட்டியால் அழுத்தியே விடையளிக்க வேண்டும். மாதிரித் தேர்வில் இதைக் காணும் மாணவர்கள் பிழை என எண்ணி நீக்க முயலாமல், பழகிக்கொள்வதே சரி.

எதுவும் பலிக்காவிட்டால்

மேற்கண்ட வழிகளுக்குப் பின்னும் அறிவிப்பு தொடர்ந்தால், விசை ஏதேனும் உள்ளே சிக்கியுள்ளதா என்று சோதிக்க வேண்டும். தேநீர் சிந்தியதாலோ, உணவுத் துகள் புகுந்ததாலோ ஷிஃப்ட், கேப்ஸ் லாக் போன்ற விசைகள் அழுத்தப்பட்ட நிலையிலேயே நிற்கலாம். இதற்கு ஆன்-ஸ்கிரீன் கீபோர்டே உதவும்: அதைத் திறந்துவைத்து, கைகளை எடுத்துவிட்டுக் கவனித்தால், எந்த விசை தானாக அழுத்தப்படுகிறது என்பது அதில் ஒளிர்ந்து தெரியும். அத்தகைய விசை இருந்தால் தீர்வு மென்பொருளில் இல்லை, பழுதுநீக்கும் இடத்தில்தான்.

விசைகள் சரியாக இருந்தால், 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, 'சர்வீசஸ்' பகுதியில் முதலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் விருப்பத்தைத் தேர்ந்து, எஞ்சியவற்றை மட்டும் முடக்கி மறுதொடக்கம் செய்யவும். அறிவிப்பு நின்றுவிட்டால், முடக்கிய சேவைகளைப் பாதிப் பாதியாக மீண்டும் இயக்கிப் பார்த்து, காரணமான சேவையைக் கண்டறியலாம். மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்காமல் அனைத்தையும் முடக்கினால் கணினியில் நுழைவதிலேயே சிக்கல் எழலாம் என்பதால், அந்த முதல் படியைத் தவறவிடக் கூடாது.

எச்சரிக்கை: தீர்வு தேடும் இடத்தில் காத்திருக்கும் மோசடி

இத்தகைய சிறு சிக்கல்களைத்தான் 'தொழில்நுட்ப உதவி' என்ற பெயரில் இயங்கும் மோசடிக் கும்பல்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. தேடல் முடிவுகளில் தென்படும் போலி உதவி எண்ணை அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பிறகு இல்லாத வைரஸைக் காட்டிப் பணம் கேட்பார்கள்; அல்லது வங்கி விவரங்களைக் களவாடுவார்கள். மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களின் பேரில், இவ்வகைப் போலி அழைப்பு மையங்களுக்கு எதிராக சிபிஐ 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' நடவடிக்கையின்போது நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது.

விசைப்பலகை அறிவிப்பை நீக்க யாருக்கும் கடவுச்சொல்லோ, ஓடிபி எண்ணோ, தொலைக் கட்டுப்பாட்டு அனுமதியோ தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் உதவ வந்தவரல்லர் என்பதை உறுதியாகக் கொள்ளலாம். கேப்ஸ் லாக் நிலையைக் காட்டும் அல்லது மறைக்கும் இலவசச் செயலி என்ற பெயரில் அறிமுகமில்லாத தளங்களிலிருந்து எதையும் பதிவிறக்குவதும் கூடாது. விசைகளைக் கவனிக்கும் செயலி, தட்டச்சு செய்யும் அனைத்தையும் பதிவு செய்யவும் வல்லது.

சுட்டி தானாக நகர்வது, சாளரங்கள் தாமாகத் திறப்பது ஆகியவற்றோடு விசைப்பலகையும் திரையில் தோன்றினால் மட்டும் அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. உடனடியாக இணைய இணைப்பைத் துண்டித்து, தொலைக் கட்டுப்பாட்டுச் செயலிகளை நீக்கி, வைரஸ் தடுப்புச் சோதனை செய்ய வேண்டும். வேறொரு சாதனத்திலிருந்து முக்கியக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம்.

விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அதை இன்னும் பயன்படுத்துவோர், அறிவிப்புகளை நீக்குவதைவிடப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தங்களுக்குக் கிடைக்கின்றனவா என்பதை உறுதி செய்துகொள்வது முக்கியம்.

எவற்றை விட்டுவைக்கலாம்?

ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது மற்றொருவருக்கு ஊன்றுகோலாக இருக்கலாம். ஸ்டிக்கி கீஸ் வசதி இல்லாவிட்டால், ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவரால் மூன்று விசைகளை ஒருசேர அழுத்த முடியாது. கை நடுக்கம் உள்ளவருக்கு ஃபில்டர் கீஸ் தேவை. டாகிள் கீஸ் எழுப்பும் ஒலி, பார்வையற்றவருக்கு விளக்கின் வேலையைச் செய்கிறது. எனவே பள்ளி, நூலகம், அலுவலகம் போன்ற இடங்களில் பலர் பயன்படுத்தும் பொதுக் கணினிகளில் இவற்றின் குறுக்குவழிகளை நிரந்தரமாக முடக்கும் முன், அங்கு யாருக்கேனும் அவை தேவைப்படுகின்றனவா என்று கேட்டறிவது கடமையாகும். வீட்டில் ஒரே மடிக்கணினியைப் பலர் பயன்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு தொடங்கி, அவரவர் தேவைக்கேற்ப அமைப்புகளை வைத்துக்கொள்ளலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு இல்லாத மடிக்கணினியில் திரை அறிவிப்பையும் நீக்கிவிட்டால், கடவுச்சொல் தவறுவதற்கான காரணம் புலப்படாது. தொடர்ந்து தவறான கடவுச்சொல்லை அளித்தால் வங்கிக் கணக்கின் இணையச் சேவை தற்காலிகமாக முடக்கப்படலாம். அத்தகைய கணினிகளில் அறிவிப்பை வைத்துக்கொள்வதோ, கேப்ஸ் லாக் விசையையே முடக்கிவிடுவதோ மேலானது.

சுருக்கமாக

• தோன்றுவது எந்த வகை அறிவிப்பு என்பதை முதலில் அடையாளம் காணவும்.

• கேப்ஸ் லாக் கட்டத்தைத் தயாரிப்பாளரின் மென்பொருளிலும், மற்றவற்றை விண்டோஸ் 'செட்டிங்ஸ்' பகுதியிலும் தேடவும்.

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மறுதொடக்கம் செய்து சோதிக்கவும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது பலித்தது என்பதும், எதனால் புதிய சிக்கல் வந்தது என்பதும் தெரியாது.

• சேவைகளை முடக்கும் முன் பழைய நிலையைக் குறித்துவைக்கவும்.

• அறிமுகமில்லாதவருக்குத் தொலைக் கட்டுப்பாட்டு அனுமதி அளிக்க வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினிக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை மையத்தை மட்டும் அணுகவும்.